வெள்ளிக் கைப் பாட்டுக்கு ஒரு பதில் இருந்தது

போன தீபாவளிக்கு முன்னால் நான் இரண்டாவது தடவையாகப் பிரபலமானேன். பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகள் விரல்களில் வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டு என் பத்தொன்பது வயதுக் குரலுக்கு ஆடுவதைக் கைபேசியில் காட்டினார்கள். யாரோ அந்தப் பழைய பாட்டை எடுத்து, வேகத்தைக் கூட்டி, அடியில் தடதடவென்று ஒரு மேளத்தைப் போட்டு விட்டிருந்தார்கள். விருதுநகர் கடைவீதியில் உளுந்து வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண், "அந்த வெள்ளிக் கை பாட்டுப் பாடுனது நீங்கதானாமே? எங்க அம்மா கல்யாணத்துல அதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டாகளாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கேசட் காலத்து ஆட்களுக்குப் பாட்டு தெரியும். தெரியாதவர்களுக்காக முதல் கண்ணி:

வெள்ளிக் கை மதினியாரே
வெறுங்கையா வந்தீகளோ
அள்ளி வச்ச சோத்துலயும்
அலுமினியம் தந்தீகளோ

இதைப்போல இன்னும் மூன்று கண்ணிகள். கல்யாண வீடு, சடங்கு வீடு, பங்குனிப் பொங்கல், கட்சிக் கூட்டம் என்று ரேடியோ செட் கட்டிய இடமெல்லாம் என் குரல்தான். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தலைக்கு மேலே நான் பாடிக்கொண்டிருப்பேன். இறங்கினால் டீக்கடையில் பாடிக்கொண்டிருப்பேன். ஒரு தரம் சாத்தூரில் ஒரு சாவு ஊர்வலத்தில்கூட இந்தப் பாட்டைப் போட்டு ஆடிக்கொண்டு போனார்கள். செத்தவருக்கு ரொம்பப் பிடிக்குமாம்.

பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கதை என்று ஒன்று உலவுகிறது. நாத்தனாருக்கும் மதினிக்கும் இடையே இருந்த செல்லச் சீண்டல் என்கிறார்கள். மத்தாப்புக் கம்பெனிப் பெண்களுக்குச் செய்த மரியாதை என்றுகூட ஒருவர் எழுதினார். மேடைகளில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செல்லமும் கிடையாது, மரியாதையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. என் அண்ணன் பெண்டாட்டி எங்கள் வீட்டில் காலெடுத்து வைத்த அன்றைக்கே அவர் தலையைக் குனிய வைக்க வேண்டும் என்று நானும் என் அம்மாவும் உட்கார்ந்து கட்டிய பாட்டு அது.

எங்கள் ஊர் மல்லாங்கிணறு. மானாவாரி நிலம், பருத்தியும் உளுந்தும். பெரிய வசதி இல்லை என்றாலும் நிலம் உள்ள வீடு என்கிற நினைப்பு அம்மாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, விஸ்வநத்தத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தை புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகள் படிப்பை நிறுத்திவிட்டு மத்தாப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். சட்டத்தில் வரிசையாகக் கம்பிகளைக் குத்தி, மருந்தில் முக்கியெடுத்து, வெயிலில் காயப்போடுவது வேலை. அந்த மருந்தில் அலுமினியப் பொடி கலந்திருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் பளபளவென்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வந்தால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

என் அண்ணனுக்குத்தான் அவரைக் கட்டுவது என்று அப்பா தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு நூல் வியாபாரி வீட்டுப் பெண் மேல் கண். ஒரு மாசம் சமைக்காமல் படுத்துப் பார்த்தாள், மருந்தைக் குடிப்பேன் என்றாள். அப்பா மசியவில்லை. அண்ணனுக்கு வாயே கிடையாது, யார் எதைச் சொன்னாலும் சரி என்பான். கடைசியில் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "அவ கையப் பத்தி ஒரு பாட்டுக் கட்டு. அவ அந்தக் கைய எங்கிட்டும் நீட்ட முடியாமப் போகணும்" என்றாள்.

ஊரில் முளைப்பாரிக் கும்மிக்கு நான்தான் முதல் குரல். பன்னிரண்டு வயதிலிருந்தே நான் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டுக் கட்டுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. அம்மா கத்தரிக்காய் நறுக்க நறுக்க, நான் காலால் தாளம் போட்டுக்கொண்டு வரி வரியாகக் கட்டினேன். 'வெறுங்கை' அம்மா கொடுத்த சொல். சீர் கொண்டு வராததை அப்படிக் குத்த வேண்டும் என்றாள். 'அலுமினியம்' என்னுடையது. அந்தச் சொல் வந்து விழுந்ததும் அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா என்னைப் பார்த்து அப்படி மனம்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நாற்பது கண்ணி கட்டியிருப்பேன்.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்த புதுப்பெண் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் அகப்பைச் சோற்றைத் தன் கையால் வைக்க வேண்டும். அவள் வைக்கும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவளைக் கேலி செய்து பாடுவார்கள். நிறம், மூக்கு, நடை, கொண்டுவந்த பாத்திரம், எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். பெண் வீட்டார் அதே மெட்டில், அதே இடத்தில் பதில் பாட வேண்டும். பதில் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் சிரித்து வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. பதில் பாட ஆளில்லாத வீட்டைப் பார்த்துப் பாடக் கூடாது என்பதும் வழக்கம்தான். அப்படிப் பாடினால் அது கேலி இல்லை, ஏச்சு. ஏச்சுப் பாடினவளை வயதான பொம்பிளைகள் பந்தலை விட்டே எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள்.

பெண் வீட்டில் பாட ஆள் கிடையாது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அத்தை தாலியறுத்தவர், நல்ல காரியத்தில் பந்தலுக்குள் வரமாட்டார். கூட வந்தவர்கள் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த எட்டுப் பத்துப் பெண்கள். நிலக்காரர் வீட்டில் பாயில் உட்காரவே தயங்கி ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் கைகளும் வெள்ளிதான்.

மதியம் பந்தி போட்டாயிற்று. மதினி அகப்பையோடு குனிந்து என் பெரியப்பா இலையில் சோறு வைத்தார். நான் பாட்டை எடுத்தேன். முதல் கண்ணி முடியவும் பந்தலே சிரித்தது. பெரியப்பா சோற்றை எடுத்து மோந்து பார்ப்பதுபோல நடித்தார். அதற்கு இன்னும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். மதினியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது. நான் நாலு கண்ணியும் பாடி முடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, ஓரமாக நின்ற கம்பெனிப் பெண்களைப் பார்த்து, "என்ன, பதில் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

புதுப்பெண் பாடக் கூடாது. பாடி யாரும் பார்த்ததில்லை. மதினி அகப்பையைச் சோற்றுச் சட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்து, என்னை நேராகப் பார்த்து, என்னுடைய மெட்டிலேயே பாடினார்:

வெள்ளிக் கைன்னு சொன்னவுகளே
வெவரமாக் கேட்டீகளோ
புள்ளை கையில் பூத்ததெல்லாம் – இந்தப்
பொண்ணு கைன்னு பாத்தீகளோ

அவ்வளவுதான். ஒரே ஒரு கண்ணி, பிள்ளைகள் கையில் பூக்கிற மத்தாப்பைச் செய்ததே இந்தக் கைதான் என்று. குரல் ஒன்றும் பிரமாதமில்லை, கம்பெனிப் புழுதி அடைத்த குரல். ஆனால் பந்தல் எழுப்பிய சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு சத்தத்தை யாரும் எனக்காக எழுப்பியதில்லை. கம்பெனிப் பெண்கள் குலவை போட்டார்கள். எங்கள் பக்கத்துப் பொம்பிளைகளே சேர்ந்து குலவை போட்டார்கள். பெரியப்பா இலையில் இருந்த சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் வையி தாயி" என்றார். யாரோ என் கையில் வெற்றிலையைத் திணித்து மதினியிடம் மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். மதினி என் கையைத் தொட்டுச் சிரித்தார். நாலு கண்ணி பாடிய நான் ஒரு கண்ணியில் தோற்றேன். என் வீட்டுப் பந்தலில், என் மெட்டில், மத்தாப்பு முக்குகிறவளிடம் தோற்றேன். இன்றைக்கு நினைத்தாலும் சுடுகிறது.

ரேடியோ செட்காரர் கல்யாணத்தை முழுக்கக் கேசட்டில் பதிந்து கொடுத்திருந்தார். ஆறேழு மாதம் கழித்து, சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடித்துக்கொண்டு பக்கத்தொழிலாகக் கேசட் கம்பெனியும் வைத்திருந்த ஒருவர் அப்பாவுக்குச் சொல்லிவிட்டார். உங்கள் மகள் கல்யாணத்தில் பாடிய பாட்டை ஊரெல்லாம் பேசுகிறார்கள், கேட்க வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்று. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் பருத்தி எடுக்கப் போயிருந்தார்கள். நான் டேப் ரிக்கார்டரை நடுவீட்டில் வைத்துக் கேசட்டை ஓட்டினேன். என் நாலு கண்ணி. சிரிப்பு. பதில் ஒன்றும் இல்லையா என்று நான் கேட்டது. அந்த இடத்தில் நிறுத்தி, பதியும் பொத்தானை அழுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம். மதினியின் கண்ணியும், குலவையும், பெரியப்பா இன்னும் கேட்டதும் போய், எங்கள் தொழுவத்து மாட்டுக் கழுத்துமணிச் சத்தம் அங்கே ஏறியது. போட்டுக் கேட்டுப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது.

வந்தவர் வேலை தெரிந்தவர். கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. இதுக்குப் பதில் கண்ணி இருக்குமே? ரெண்டும் சேந்தாத்தான் கேசட்டுக்கு எடுக்கும்" என்றார்.

"பொண்ணு வீட்டுல பாடுறதுக்கு ஆள் இல்லைங்க" என்றேன்.

மதினி அப்போது அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அம்மா மதினியையே பார்த்தாள். மதினி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். வந்தவர் இரண்டு விரலால் நாடியைத் தடவி யோசித்துவிட்டு, "சரி, பதில் இல்லாமயே போடுவோம். அதுவும் ஒரு மாதிரி நறுக்குன்னு இருக்கு" என்றார்.

மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் பாடிவிட்டு வந்தேன். அப்புறம் கேசட் அட்டைக்குப் படம் எடுக்க அதே ஆள் ஒரு கேமராக்காரரையும், சினிமாக்காரி மாதிரி ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். அந்தப் பெண்ணின் கையில் அலுமினியப் பொடியைக் குழைத்துப் பூசிப் பார்த்தார்கள். கையுறை மாட்டியதுபோல இருந்தது. "வேலை பாத்த கை மாதிரி இல்லையே" என்று கேமராக்காரர் அலுத்துக்கொண்டார். அம்மா உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். மதினிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். கம்பெனியை விட்டு வந்து, விரல்களில் இருந்த வெள்ளி எல்லாம் போய், கை சுத்தமாகத்தான் இருந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் கையாலேயே பொடியைப் பூசினாள், நகக்கண் விடாமல். அகப்பையைப் பிடிக்கச் சொன்னார்கள். முகத்துக்கு அந்தப் பெண், கைக்கு மதினி. ஒருவர் பின்னால் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ரொம்ப நேரம் ஆயிற்று. மதினி ஒரே ஒரு தடவை, "போதுமா அத்தை?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்று அந்தப் பெண்ணின் முகத்துக்குக் கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்தேன்.

கேசட் வந்தது. சீசனுக்கு முன்னால் வந்ததால் பட்டாசுக் கடைகளிலேயே வைத்து விற்றார்கள். அந்த நாளிலிருந்து மதினி என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறார். அதுவரை வா, போதான்.

பாட்டு ஓடிய ஓட்டத்தில் நடந்ததை எல்லாம் எழுதினால் படிக்கிறவர்களுக்கு என் மேல் காறித் துப்பத் தோன்றும். எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா மதினியைச் சோறு பரிமாறவே விடவில்லை. சமைக்கலாம், பாத்திரம் கழுவலாம், இலையில் வைக்கக் கூடாது. பாட்டிலேயே அப்படி வந்துவிட்டதாம். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் வெள்ளிக் கை மதினியைப் பார்க்க வீட்டுக்கு வருவார்கள். அம்மா கூப்பிட்டுக் காட்டுவாள். சும்மா இருந்த கையைப் பார்த்து அவர்கள் ஏமாந்து போவார்கள். அண்ணன் மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே அவனுக்கு 'அலுமினியம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பத்தாவது முடிக்கும்வரை அந்தப் பேர்தான். ஒரு நாள் அவன் மண்டையில் ரத்தத்தோடு வந்து நின்றான். எவனையோ அடித்து, எவனிடமோ அடி வாங்கி வந்திருந்தான். மதினி மஞ்சள் வைத்துக் கட்டினார். அன்றைக்குக் கோயிலில் எனக்குப் பாராட்டு. மாலை போடுகிறார்கள் என்று நான் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மா கடைசி மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தாள். ஒரு பக்கம் விளங்கவில்லை. நான் விருதுநகரில் வாக்கப்பட்டு வந்துவிட்டேன். மாசம் ஒரு தரம் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மதினிதான் கஞ்சி ஊட்டினார். கரண்டி வைத்தால் அம்மாவுக்குப் பல்லில் இடித்தது, அதனால் கையாலேயே ஊட்டினார். ஒரு நாள் நான் பக்கத்தில் இருக்கும்போது ரேடியோவில் அந்தப் பாட்டு வந்துவிட்டது. அம்மாவுக்கு அப்போது ஆளே அடையாளம் தெரியாது. ஆனால் பாட்டுத் தெரிந்தது. கஞ்சியை விழுங்கிக்கொண்டே, விளங்குகிற கையால் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டாள். 'அலுமினியம்' வந்தபோது சிரித்தாள், வாயோரம் கஞ்சி வழிய. மதினி வழித்துவிட்டு அடுத்த வாயை ஊட்டினார். கையை நீட்டினால் ரேடியோ எனக்கு எட்டும். நிறுத்தவில்லை. என் குரல் என்ன இவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, அண்ணனும் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. மகன் வெளியூரில் இருக்கிறான். மதினி மல்லாங்கிணற்று வீட்டில் தனியாக இருக்கிறார். போன வருஷம் பாட்டு மறுபடியும் கிளம்பியதும், பழைய பாட்டுகளின் கதையைச் சொல்கிற ஒரு யூடியூப் சேனலிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். கெட்டிக்காரப் பெண். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அம்மா, நான் இந்த மாதிரி கல்யாணப் பாட்டு நிறையச் சேத்திருக்கேன். கேலின்னா பதில் இருக்கும்ல. இதுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கேசட்காரருக்குப் பிறகு யாரும் இதைக் கேட்டதில்லை.

எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது. சர்க்கரை இருக்கிறது, ஒரு கண்ணில் பார்வை மங்கல். செத்த பிறகும் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தால் முன்பு பெருமையாக இருந்தது. இப்போது பயமாக இருந்தது. இந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், மதினியைக் கேமரா முன்னால் உட்காரவைத்து அந்த ஒரு கண்ணியைப் பாடவைத்துவிடலாம், பாட்டு இரண்டு பக்கமும் சேர்ந்து முழுசாகிவிடும், என் கணக்கும் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. பதில் ஒன்று இருந்தது, அதைப் பாடியவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். அவள் துள்ளிவிட்டாள்.

மறுநாள் பஸ் பிடித்து மல்லாங்கிணறு போனேன். மதினி வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க. வெயில்ல வந்திருக்கீக. சாப்பிட்டீகளா?" என்றார்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேசட்டை அழித்ததைச் சொன்னேன். அழுகை வந்தது, அழுதேன். நடிப்பு இல்லை. "நீங்க அந்தக் கண்ணியப் பாடணும் மதினி. ஊரு கேக்கட்டும். நான் செஞ்சதையும் நானே சொல்லிருதேன்" என்றேன். அவர் வற்றலைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டார். அழித்தது தெரியும் என்றோ தெரியாது என்றோ சொல்லவில்லை. கடைசியில், "வரச் சொல்லுங்க" என்றார். எனக்குக் காலில் விழலாம் போல இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவர் கையால் பரிமாறி நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே கேமராவோடு வந்தார்கள். நடுவீட்டில் இரண்டு நாற்காலி போட்டு, எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார்கள். மதினி குளித்து, துவைத்த சேலை கட்டியிருந்தார். கை இரண்டும் மடியில் இருந்தது.

அந்தப் பெண் கேட்டாள்: "பாட்டி, இந்தப் பாட்டு உங்களப் பத்தித்தானா?"

"ஆமா. என்னப் பத்தித்தான்."

"முதல் தடவை கேக்கும்போது எப்படி இருந்துச்சு?"

"ஏச்சக் கேட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினேன். கல்யாணத்தன்று மதினி ஒரு பதில் கண்ணி பாடினார், பந்தலே எழுந்து நின்றது, பொறாமையில் நான்தான் அதை அழித்தேன் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். இத்தனை வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு, தடங்கல் இல்லாமல் வந்தது. அந்தப் பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது. "பாட்டி, அந்தக் கண்ணிய ஒரு தடவை எங்களுக்காகப் பாடுறீங்களா?" என்றாள்.

மதினி என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நான் எதுவும் பாடலையே தாயி. புதுப்பொண்ணு எங்கயாச்சும் பாடுவாளா? இவுகளுக்கு வயசாயிருச்சு. ஏதோ நெனப்புல சொல்றாக."

அந்தப் பெண் கேமராவை நிறுத்தச் சொன்னாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் வாசலுக்குப் போய்த் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். உள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"ஏன் மதினி? நான்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்ல" என்றேன்.

"ஒத்துக்கிட்டீக. சரி."

"அப்ப அந்தக் கண்ணி…"

"அது எனக்கு மறக்கல. அம்புட்டும் ஞாவகம் இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. வற்றலைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசினார். "பதில் பாடிட்டா அது கேலி. வெத்தல மாத்திக்கிடணும், மனசுல வச்சுக்கிடக் கூடாது. அன்னைக்கு மாத்திக்கிட்டோம். நானும் மனசுல வைக்கல. நீங்கதான் அத அழிச்சு ஏச்சாக்கி ஊரெல்லாம் விட்டீக. எம் புள்ள மண்டை உடஞ்சு வந்தான். உங்க அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுன கைக்கு, அன்னைக்குக்கூட அதே பாட்டுத்தான். இப்ப வந்து, பதில் பாடுங்க, கேலியாக்கிக்கிடுவோம்னா? மாட்டேன். அது ஏச்சாவே இருக்கட்டும்."

"நான் பாடட்டுமா? எனக்கும் தெரியும் அந்தக் கண்ணி. எழுதிக்கூட வச்சிருக்கேன்."

"பாடுங்க. எழுதுங்க. என்ன வேணும்னாலும் பண்ணுங்க. ஏச்சு வாங்குனவ பாடுனாத்தான் பதில். நீங்க பாடுனா செல்லாது."

அதனால்தான் அந்த நாலு வரியை இங்கே எழுதத் துணிந்தேன். எழுதியதால் எதுவும் மாறிவிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். பேட்டியை இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது மதினியே, "அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திருக்கீக. சும்மா போகாதீக. இவுகளப் பாடச் சொல்லுங்க" என்றார். என்னிடம் திரும்பி, "பாடுங்க. நாலு கண்ணியும்" என்றார்.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. மதினி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். நான் பாடினேன். முதல் கண்ணியிலேயே நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். மறுபடி எடுத்தேன். வெறுங்கை வந்தது, அலுமினியம் வந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை, கையையும் மறைக்கவில்லை. இரண்டாவது கண்ணி, மூன்றாவது கண்ணி. நாலாவதைப் பாடும்போது எனக்கு மூச்சு வாங்கியது.

பாடி முடித்தேன். அடுத்தது பதிலுக்கான இடம். மதினி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரும் பாடவில்லை.